ஒரு வாய்கூட இறங்கவில்லை

செவ்வாய்க் குடியிருப்பின் ஏழாம் கூண்டில் வெள்ளிக்கிழமை காலை என்றால் நலம்விசாரி வந்துவிடும். இடுப்புயர இயந்திரம். வாசல் வாசலாக நின்று, செவ்வாயில் பிறந்த குழந்தைகளைப் பற்றித் தாய்மாரிடம் கேட்கும். உயரம், எடை, தூக்கம் எல்லாவற்றையும் குதிகாலில் பதித்த வளர்ச்சிமானி தானே சொல்லிவிடும். என்ன சாப்பிட்டது என்பதை மட்டும் அம்மாதான் சொல்லவேண்டும். முதல் மூன்றாண்டுச் சாப்பாடு பின்னாளில் மூளையை என்ன செய்கிறது என்று பூமியில் ஆராய்கிறார்களாம்.

பூங்கோதைக்கு அதன்மேல் முதல் நாளிலிருந்தே நம்பிக்கை இல்லை. பிள்ளை சாப்பிடுவதையெல்லாம் இது எதற்கு நோட்டம் விடுகிறது? போதாக்குறைக்கு, எதிர்வீட்டு வசுமதி சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் கதவைத் திறந்து வைப்பாள். இரண்டு வயது ஆதிரன் அப்போதுதான் நாலாவது கிண்ணம் பருப்புச்சாதத்தை வழித்துக்கொண்டிருப்பான், கன்னத்தில் மைப்பொட்டோடு. பூங்கோதை அவனை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, எதிர்வீட்டுக்கும் கேட்கிற மாதிரி அலுத்துக்கொள்வாள்.

"எங்க சாப்பிடறான்? ஒரு வாய்கூட இறங்க மாட்டேங்குது."

இந்த வெள்ளிக்கிழமை நலம்விசாரி கேள்வி கேட்கவில்லை, வாழ்த்தியது.

"மகிழ்ச்சியான செய்தி. இங்குள்ள நாற்பத்தொரு குழந்தைகளும் எதுவுமே சாப்பிடாமல் அருமையாக வளர்கிறார்கள். எல்லாத் தாய்மாரும் ஒரே பதிலைத்தான் தந்திருக்கிறீர்கள். செவ்வாய்க் குழந்தைக்கு உணவு தேவையில்லை என்று முடிவாகிவிட்டது. அடுத்த கப்பலில் குழந்தை உணவு வராது."

பூங்கோதை ஆதிரனை இழுத்து முன்னால் நிறுத்தினாள். அந்தக் கப்பலை விட்டால் இன்னும் இரண்டு வருஷம்.

"ஐயையோ! அவன் சாப்பிடுவான்!"

"எவ்வளவு? பழைய பதிலை மாற்றச் சாட்சி வேண்டும்." அது கழுத்தைத் திருப்பி எதிர்வீட்டைக் கூப்பிட்டது. வசுமதி தன் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

பூங்கோதை வாயைத் திறந்தாள். வசுமதியின் பார்வை ஆதிரனின் கொழுகொழு தொடையிலேயே இருந்தது. பூங்கோதை அவனை மறுபடி பின்னால் தள்ளினாள்.

"ஏதோ... கொறிப்பான்."

"கொறிப்பது உணவாகாது. உங்கள் மகள், வசுமதி?"

"இவளா? பச்சைத்தண்ணிகூடக் குடிக்க மாட்டா."

பூங்கோதைக்குப் பொறுக்கவில்லை. "பொய் சொல்லாதீங்கக்கா! நேத்து மத்தியானம் மட்டும் மூணு கிண்ணம். நான் எண்ணினேனே!"

"உன் பிள்ளை மட்டும் என்னவாம்? காலையில நாலு, சாயங்காலம் அஞ்சு, நடுவுல ரெண்டு ரொட்டி!"

"இரண்டும் சாட்சியோடு பதிவாகிவிட்டன. உணவு வரும்," என்றது நலம்விசாரி. "இனிமேல் ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் எதிர்வீட்டிலேயே கேட்டுக்கொள்கிறேன்."

அப்பாடா என்று மூச்சுவிட்ட பூங்கோதை, அடுத்த நொடியே பிள்ளையை அள்ளிக்கொண்டு கதவை அடைத்தாள். சுற்றிப்போட மிளகாய்க்கு இங்கே எங்கே போவது? காலணியில் ஒட்டிவந்த செவ்வாய் மண்ணை ஒரு பிடி வழித்தெடுத்து மூன்று முறை சுற்றினாள்.

"ரொட்டியைக்கூட விடாம எண்ணி வச்சிருக்கா பாரு, பாவி!"

ஆதிரன் காலிக் கிண்ணத்தைத் தரையில் தட்டினான். அவள் அவசரமாக இன்னொரு கரண்டி போட்டாள்.

"சத்தம் போடாம தின்னுடா. எதிர்வீட்டுல கேட்டுடப் போகுது."