அப்பு போர்த்திய தார்பாய்

சித்திரை வெயிலில் இரண்டு நாள் கொடியில் கிடந்தும் அந்த நீலத் தார்பாய் காயவில்லை. வசந்த்குமார் உதறியபோது ஈரம் முகத்தில் தெறித்தது. கூடவே உளுந்துச் செடியின் பச்சை வாசனையும், அதற்கு அடியில் இன்னொரு நாற்றமும் வந்தன. அது என்ன நாற்றம் என்று அவனுக்குத் தெரியும்.

பிள்ளைகளின் நச்சரிப்பு தாங்காமல் ஜவ்வாது மலைக்குக் காரில் போய் ஒரு ராத்திரி தங்கிவர ஒப்புக்கொண்டிருந்தான். எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன், கூடாரத்துக்கா காசு கொடுப்பான்? மீன்காரரிடம் கேட்டு வாங்கிய தெர்மாகோல் பெட்டி, இரண்டு கோரைப்பாய், சின்ன கேஸ் ஸ்டவ், டார்ச், கொசுவர்த்தி எல்லாம் டிக்கியில் ஏறியாயிற்று. கூரைக்குத் தார்பாய் இருக்கவே இருந்தது.

"அது வேணாங்க. நாலு தபா தொவைச்சும் நாத்தம் போவல," என்றாள் திலகா அடுக்களையிலிருந்து.

"கூடாரம் உங்கப்பனா வாங்கித் தருவான்?" என்றான் அவள் புருஷன்.

மாசியில் காவாந்தண்டலம் சாலையில் அவனுடைய உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறினால் நெற்று உடைந்து உளுந்து உதிரும். காவலுக்குக் கூலியாள் அப்பு. விடியற்காலைத் தூறலில் செடியைத் தார்பாயால் மூடிவிட்டு, அப்புவும் அதற்குள்ளேயே படுத்துக்கொண்டான். வசந்த்குமார் தன் காரையே அதன்மேல் ஏற்றினான். செடிதானே என்று நினைத்தான். சக்கரத்தின் அடியிலிருந்து முனகல் கேட்டது. ரிவர்ஸ் எடுத்தான். இறங்கிப் பார்க்கத்தான் எடுத்தேன் என்று இன்றுவரை தனக்கே சொல்லிக்கொள்கிறான். ரிவர்ஸ் பாட்டு பாடி முடித்தபோது முனகல் இல்லை. எவனோ லாரிக்காரன் என்றான், ஊரும் நம்பியது.

அப்புவின் மனைவி முனியம்மாள் மட்டும் வாசலில் வந்து நின்றாள். "அந்தத் தார்பாயக் குடு நைனா. அவரு மேல போத்தணும்."

அதில் அவன் காரின் டயர்த்தடம் பதிந்திருந்தது. தரவில்லை. அவள் மண்ணை வாரித் தூற்றினாள். "நீயே வெச்சிக்கோ. நீயே போத்திக்கினு படு."

எரித்திருக்கலாம். நல்ல தார்பாயை எரிக்க அவனுக்கு மனசு வரவில்லை.

பொழுது சாய்ந்ததும் வீட்டு வாசலிலேயே கட்டிப் பார்த்தான். தார்பாயின் இரண்டு முனைகளைக் காரின் பின்பக்கம் கேரியரில் நைலான் கயிற்றால் முடிந்தான். மற்ற இரண்டையும் தரையில் செங்கல் வைத்து அழுத்தினான். ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கப் பாயை விரித்து உள்ளே படுத்தான். கார்ச் சாவி பையில் உறுத்தியது. மேலே நீல வெளிச்சம் மெல்ல மெல்லக் கறுத்துக்கொண்டு வந்தது. தூரத்தில் எங்கோ ஒரு பம்புசெட் ஓடி ஓய்ந்தது. சொட்டு ஒன்று நெற்றியில் விழுந்து, காதோரம் வழிந்து, கழுத்துக்குள் சில்லென்று இறங்கியது. புரண்டான். முதுகுக்கடியில் சருகு நொறுங்கியது. கோரைப்பாயில் ஏது சருகு? தடவிப் பார்த்தான். நெற்று. காய்ந்த உளுந்து நெற்று.

மேலே முடிச்சு ஒன்று அவிழ்ந்தது. பிறகு இன்னொன்று.

தார்பாய் முகத்தில் விழுந்தது. தள்ளினான். வரவில்லை. ஓரங்களில் மூட்டை அடுக்கியதுபோல் கனம்.

பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

கார் உறுமியது.

பைக்குள் கையை விட்டான். சாவி இருந்தது. இறுக்கிப் பிடித்தான்.

"ஏங்க, இருட்டுற நேரத்துல வண்டிய எங்க எடுக்கிறீங்க?" திலகாதான், வீட்டுக்குள்ளேயிருந்து.

கத்தினான். வாய் நிறைய ஈரத் தார்பாய். முனகல்தான் வந்தது.

அது கேட்டதுபோல் கியர் விழுந்தது. ரிவர்ஸ் பாட்டு தொடங்கியது.

குளிர்ந்த கை ஒன்று அவன் நெஞ்சைச் சுற்றி அணைத்தது. காதோரம் அப்புவின் குரல். "அசையாத நைனா. உளுந்துன்னு நெனச்சிக்கினு ஏறிப்பூடும்."

நீலம் முழுக்க வெள்ளை வெளிச்சம். கைக்குள் சாவி. கால்மாட்டில், ஒவ்வொன்றாக, நெற்று உடையும் சத்தம்.