அத்தி மேட்டில் பனி நிற்கவில்லை

மதியம் தொடங்கிய பனிப்பொழிவு தோட்டம் முழுவதையும் மூடிவிட்டிருந்தது. அத்தி மரத்தைப் புதைத்த மேடு மட்டும் கறுப்பாக, ஈரமாக, மெல்ல ஆவி விட்டுக்கொண்டிருந்தது. சமையலறை ஜன்னலருகே மாதுளை உதிர்த்துக்கொண்டிருந்த மொஹிராவின் கை நின்றது.

இந்த வீட்டுக்குக் குடிவந்து இரண்டு மாதம்தான். குளிரில் கருகாமலிருக்க அத்தி மரத்தை மண்ணுக்குள் மூடிவைப்பது பஞ்சகெந்த் ஊரின் வழக்கம்; எல்லோரும் எப்போதோ முடித்த அந்த வேலையை அவள் கணவன் தில்ஷோத் இன்று காலைதான் செய்தான்: கிளைகளை வளைத்துக் குழியில் படுக்கவைத்து, வைக்கோலும் பழைய கம்பளியும் போர்த்தி, மண்ணைத் தள்ளினான். அவளும் ஒரு கிளையைப் பிடித்தாள். குளிரில் விறைத்திருக்க வேண்டிய கிளை, தூங்குகிற ஆளின் கைபோல அவள் கையில் கனத்துத் தொங்கியது.

"என்னங்க, அந்த மேட்டுல பனியே நிக்கல."

"புது மண்ணு. சூடு இருக்கும்."

"நாத்தமும் வருது."

"நாலு மாசமா உனக்கு எதுதான் நாறல? நேத்து என் சோப்பு நாறுச்சு. முந்தாநாள் நானே நாறினேன்!" சிரித்தபடி வெளியே போனான்.

ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. வருஷத்தின் மிக நீண்ட இரவான யல்தோவைக் கொண்டாட வருவதாக இருந்த நாத்தனார், பாதையில் பனி என்று போனில் சொல்லிவிட்டாள். மொஹிரா அடியில் கணப்பு வைத்த மேசையில் தர்பூசணியும் வாதுமையும் மாதுளையும் பரப்பி மெழுகுவர்த்தி ஏற்றினாள். கதவிடுக்கு வழியாக அந்த வாடை உள்ளே வந்தது: வெயிலில் மறந்துபோன பாலும், சூடு ஆறாத ஆட்டுக்கொழுப்பும், அவற்றின்மேல் யாரோ தேன் ஊற்றியதுபோல ஓர் இனிப்பும். அது நாக்கில் படிந்தது. துப்பினாலும் போகவில்லை.

தில்ஷோத் கைநிறைய அத்திப்பழத்தோடு வந்தான்.

"காலையில கிளையில ஒண்ணுகூட இல்லையே!"

"இப்ப இருக்கே. அதிர்ஷ்டம்டி இது. இன்னைக்குப் பழம் தின்னா வருஷம் பூரா நோய் வராது."

ஒன்றை அவள் உள்ளங்கையில் வைத்தான். வெதுவெதுப்பாக இருந்தது. தோலில் மெல்லிய மயிர். காம்பிலிருந்து வெள்ளையாக ஒரு சொட்டு அவள் மணிக்கட்டில் வழிந்தது.

உதறினாள். அவன் அதைப் பொறுக்கிப் பிளந்தான். உள்ளே ஈறுபோல ரோஜா நிறம், சுருங்கி விரிந்தது. அவன் கவனிக்கவில்லை. உறிஞ்சினான். தாடியில் பால் வழிந்தது. கண்ணை மூடிக்கொண்டு அடுத்ததை எடுத்தான். அதற்கடுத்ததை.

மொஹிரா வாசலுக்கு ஓடி வாந்தியெடுத்தாள். திரும்பியபோது தட்டு காலி. அவன் தட்டை நக்கிக்கொண்டிருந்தான்.

"இன்னும் கொண்டாரேன்."

"வேணாங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

போய்விட்டான்.

வெகுநேரம் மண்ணைப் பிறாண்டும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்று வேறொரு சத்தம். சப்புகிற சத்தம். கைக்குழந்தை பால் குடிப்பதுபோல.

அவள் விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

மண் விலகியிருந்தது. கம்பளி விலகியிருந்தது. கிளைகள் வீங்கி, வழவழத்து, மெல்ல ஏறி இறங்கின. அவற்றில் வரிசை வரிசையாகக் காய்கள், குட்டி ஈன்ற நாயின் மடிபோல. அவற்றின்மேல் கவிழ்ந்து கிடந்தான் தில்ஷோத். வாய் நிறைய. ஒரு கிளை அவன் பிடரியைத் தடவிக்கொடுத்தது.

"எந்திரிங்க."

அவன் தலையைத் திருப்பினான். முகம் முழுவதும் வெள்ளை. காம்பை விட மனமில்லாமல், உதட்டோரத்தால் பேசினான்.

"பக்கத்துல வா, மொஹிரா. பிள்ளைக்கு நல்லது."

ஓட வேண்டும். ஓடவில்லை. வாடை முகத்தில் அடித்தது. மறுபடி வாந்தி வரப்போகிறது என்று வாயைப் பொத்தினாள்.

விரல்களுக்கிடையே எச்சில் ஒழுகியது.

நாலு மாதத்தில் முதல்முறையாக அவளுக்குப் பசித்தது.

மேட்டின் இந்தப் பக்கத்துக் கிளை ஒன்று மெல்லப் புரண்டு அவளுக்கு இடம் விட்டது.