குனிந்து நின்றவன்

அந்தச் சேற்றில் யாரும் நிற்க முடியாது. அடையாறு கடலில் கலக்கும் அந்த இடத்தில் காலை வைத்தால் இடுப்புவரை இழுத்துவிடும். ஆனால் ஜுவேரியாவின் திரையில், சரியாக அங்கேதான் ஓர் உருவம் நின்றுகொண்டிருந்தது.

நந்தனத்தில் ஒரு மாடி அலுவலகம். சாயங்காலத்துக்கு முன்பே வெளியே மழை இருட்டு கட்டியிருந்தது. ஏசியின் உறுமலும், யாரோ மூடாமல் விட்டுப்போன டிபன் டப்பாவின் புளித்த சாம்பார் வாடையும்தான் அவளுக்குத் துணை. கழிமுகத்தில் அலையாத்திக் கன்றுகள் நடுவதற்கு முன் தரையின் மேடுபள்ளத்தை அளக்கும் வேலை. கரையில் நின்று ட்ரோன் ஓட்டுகிறவன் அவள் தம்பி ஃபைசான். அம்மாவிடம் மல்லுக்கட்டி அவனை இதில் சேர்த்துவிட்டவளும் அவள்தான்.

ட்ரோன் லேசரால் தடவி அளப்பதெல்லாம் உடனுக்குடன் புள்ளிகளாக அவள் திரையில் வந்து விழும். மரம், கொக்கு, படகு, ஆள் என்று தரை அல்லாத எல்லாவற்றையும் மவுஸால் வளைத்துப் பிடித்து அழிப்பது அவள் பாடு. ஒவ்வொரு சுற்றிலும் தம்பியையும் அழித்தாக வேண்டும். "இன்னாக்கா, என்னை அழிச்சிட்டியா?" என்பான் போனில். "தொலைஞ்சே போ" என்பாள். இருவருக்கும் அதில் ஒரு சிரிப்பு.

முதல் சுற்றில் சேற்றில் நின்ற உருவத்தை ஏதோ கருவிக் கோளாறு என்று அழித்தாள். இரண்டாம் சுற்றில் அது மறுபடி இருந்தது, கரைக்கு இன்னும் கிட்டத்தில். பெரிதாக்கிப் பார்த்தாள். மேலிருந்து அளக்கும்போது ஆட்கள் உச்சந்தலையும் தோளுமாகத்தான் தெரிவார்கள். இதற்கு முகம் இருந்தது. கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு குழி. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

போனைப் போட்டாள்.

"டேய் ஃபைசா, பக்கத்துல யார்னா கீறாங்களா?"

"யாரும் இல்லக்கா. நானும் நண்டுங்களும்தான். இன்னா நாத்தம் தெரியுமா, இப்பதான் ஆரம்பிச்சிது."

மூன்றாம் சுற்று விழ ஆரம்பித்தது. சேறு காலியாக இருந்தது. கரையில் இரண்டு பேர், தோளோடு தோள் உரசிக்கொண்டு. ஒரே உயரம். ஒரே ஆகிருதி.

"ஃபைசா, தலைய குனிஞ்சிக்கோ. நான் சொல்ற வரைக்கும் நிமிராதே."

"ஏன்க்கா?"

"கேக்காதே. குனி!"

"சரி." போனுக்குள் ட்ரோனின் பேட்டரி எச்சரிக்கை பீப், பீப் என்று கத்த ஆரம்பித்தது.

புதிய புள்ளிகள் விழுந்தன. ஒருவன் குனிந்திருந்தான். மற்றது அண்ணாந்து பார்த்தது.

அதை வளைத்தாள். அழித்தாள்.

பீப் சத்தம் நின்றது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பேட்டரி கத்தினால் எந்த ட்ரோன்காரனும் சட்டென்று மேலேதான் பார்ப்பான். பழகிய கழுத்து, யார் சொன்னாலும் கேட்காது. அவள் குனியச் சொன்னதோ, அவன் தோளை உரசி நின்றதற்கும் கேட்டிருக்கும்.

"ஃபைசா?"

போனில் மூச்சு மட்டும். ஈரமாக.

அழித்ததை மீட்கும் பொத்தானை அழுத்தினாள். வரவில்லை. மறுபடி. மறுபடி. கரையில் அந்த இடம் வெறும் தரையாகவே இருந்தது.

ட்ரோன் கடைசிப் புள்ளிகளை உதிர்த்தது. குனிந்து நின்றவன் மெல்ல நிமிர்ந்தான். நெற்றி. மூக்கு. இரண்டு குழி.

போனில் தம்பியின் குரல் வந்தது. அதே சிரிப்பு.

"இன்னாக்கா, என்னை அழிச்சிட்டியா?"