ஆறுமுகம் மேடு ஏறினான்

சில்வண்டு பேசினால் அந்த வீட்டில் யாருக்கும் பயமில்லை. பேசாமல் இருந்தால்தான் பயம். ஓயாமல் வாயடிக்கும் பெண் சட்டென்று அமைதியானால், ஏதோ யோசிக்கிறாள் என்று அர்த்தம்.

அவளுக்கு வயது பத்து. அம்மா மெக்கானிக். வீட்டு முற்றத்தை ஒட்டிய தகரக் கொட்டகைதான் பட்டறை. அப்பா செடி விற்பவர். ரோஜா, மல்லி, எலுமிச்சை என்று கன்றுகளை ஒரு பழைய பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு தெருத் தெருவாகப் போவார்.

அந்த வண்டியின் இஞ்சினில் விரிசல் விழுந்துவிட்டது.

"பேசாம எடைக்குப் போட்டுடலாம்," என்றார் அப்பா.

"என் கையில ஸ்பேனர் இருக்கிற வரைக்கும் முடியாது," என்றாள் அம்மா.

சொன்னதோடு நிற்கவில்லை. பிக்கப்பைவிட வயதான ஓர் இஞ்சினை எங்கிருந்தோ தேடிப் பிடித்துக் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கினாள். விரிசல் விழுந்த இஞ்சினுக்கு நாலு சிலிண்டர். இதற்கு ஆறு. பிரார்த்தனைக்கு நிற்கும் பள்ளிப் பிள்ளைகள் போல ஆறும் ஒரே வரிசையில் நின்றன.

"இது பேரு ஆறுமுகம்!" என்று அப்போதே பெயர் வைத்துவிட்டாள் சில்வண்டு.

ஆறுமுகத்தின் மேல் இருந்த அழுக்கு கொஞ்சநஞ்சம் இல்லை. விடுமுறை முழுக்க அதைச் சுரண்டித் துடைத்தது சில்வண்டுதான். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் மண்ணெண்ணெயுமாக உட்கார்ந்துவிடுவாள். இரவில் அவள் பக்கத்தில் படுக்கும்போது அப்பா மூக்கைப் பிடித்துக்கொள்வார்.

ஆறுமுகம் கொஞ்சம் நீளமானவன். அவனை வண்டிக்குள் இறக்கியபோது, முன்னால் இருந்த பெரிய விசிறி ரேடியேட்டரில் இடித்தது. இஞ்சினின் சூட்டை வாங்கி வரும் தண்ணீரைக் குளிர வைப்பது ரேடியேட்டர்தான். அது உடைந்தால் எல்லாப் பாடும் வீண்.

"விசிறியைக் கழற்றிடலாம். அதுக்குப் பதிலா கரண்ட் விசிறி ஒண்ணை ரேடியேட்டருக்கு முன்பக்கம் மாட்டலாம்," என்றாள் அம்மா.

"அந்த வேலையை என்கிட்ட விடு அக்கா! கண்ணை மூடிக்கிட்டு முடிச்சிடுவேன்," என்றார் மாமா. அம்மாவின் தம்பி அவர். பட்டறையில் வயர் வேலை எல்லாம் அவர் பொறுப்பு. ஒரு பழைய காரில் இருந்த விசிறியைக் கழற்றி வந்து மாட்டியும் விட்டார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

"இரும்புக் கடைக்காரர் சாயங்காலம் வர்றார். அதுக்குள்ள வண்டி மேட்டுத் தெரு ஏறி இறங்கிட்டா நம்மளது. இல்லேன்னா அவருது."

சில்வண்டு பளபளப்பாக்கிய ஆறுமுகத்தை உடைத்து எடை போடுவார்களா?

அம்மா சாவியைத் திருப்பினாள். ஆறுமுகம் இருமினான். கனைத்தான். பிறகு, அடடா, என்ன ஒரு குரல்! தடதடப்பே இல்லை. வயிறு நிறையச் சாப்பிட்ட பூனை போல உறுமிக்கொண்டு நின்றான்.

மாமா காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

ஆனால் கொஞ்ச நேரத்தில் சூடு காட்டும் ஊசி ஏறத் தொடங்கியது. பாதியைத் தாண்டியது. சிவப்பைத் தொடப் போனது. அம்மா சட்டென்று அணைத்தாள். ஆறவிட்டு, குழாய்களைப் பார்த்தாள். எதுவும் ஒழுகவில்லை. தண்ணீர் நிறைய இருந்தது. மறுபடி ஓட்டினாள். மறுபடியும் ஊசி ஏறியது. இஞ்சினை அணைத்து, விசிறியை மட்டும் சுற்றவிட்டாள்.

"கிழட்டு இஞ்சின்! வேற எப்படி இருக்கும்?" என்றார் மாமா.

அம்மாவின் முகம் வாடியதைப் பார்க்கச் சில்வண்டுக்குத் தாங்கவில்லை. ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை.

அப்பாதான் முதலில் கவனித்தார். "என்ன, வண்டு சத்தத்தையே காணோம்?"

சில்வண்டு வண்டிக்கு எதிரே இருந்த துணிக்கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியின் மூக்குக்கு நேரே தொங்கிய அப்பாவின் சட்டை மட்டும் கையை வீசி ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தொங்கிய துணிகள் ஆடாமல் அசையாமல் கிடந்தன. அவள் போய்ச் சட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"அம்மா, சட்டை சூடா இருக்கு!"

"வெயில்ல கிடந்தா சூடாத்தான் இருக்கும்."

"மத்த துணி சூடா இல்லையே. இங்க பாருங்க."

ஒரு செய்தித்தாள் துண்டைக் கிழித்து, வண்டியின் முன்பக்கத்துக்கு நேரே எட்டி நின்று நீட்டினாள். காகிதம் படபடவென்று அடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் பறந்தே போய்விட்டது.

"விசிறி காத்தை உள்ள தள்ளணும் இல்லையா? இது வெளிய துப்புது. இஞ்சின் சூட்டையே அள்ளி ரேடியேட்டர் மேல போட்டுக்கிட்டு இருக்கு!"

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். காரில் அந்த விசிறி ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்தது. இங்கே முன்னால் மாட்ட வசதியாக மாமா அதைத் திருப்பியிருந்தார். கூடவே காற்றும் திரும்பிவிட்டது.

"கண்ணை மூடிக்கிட்டு முடிச்சியே, இப்போ கண்ணைத் திறந்து பாருடா," என்றாள் அம்மா.

மாமாவின் முகம் தொங்கிப்போனது. சில்வண்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா குடுத்த வயர் எல்லாம் சரிதாம்மா. விசிறிக்குத்தான் தன் இடம் மாறினது தெரியல."

மாமா சிரித்துவிட்டார். இரண்டு வயர்களை இடம் மாற்றி, விசிறியை எதிர்ப்பக்கமாகச் சுற்ற வைத்தார். அந்தச் சுற்றுக்கு ஏற்றபடி இறக்கையையும் கழற்றித் திருப்பி மாட்டினார். இந்த முறை கண்ணை அகலத் திறந்துகொண்டுதான் செய்தார். சில்வண்டு நீட்டிய காகிதம் அவள் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு போய் வண்டியின் முகத்தில் ஒட்டிக்கொண்டது.

அம்மா மறுபடி ஓட்டியபோது ஊசி பாதியில் வந்து நின்றது. அதற்கு மேல் ஏறவே இல்லை.

மேட்டுத் தெருவின் பாதியில் இளைத்து நிற்காத வண்டி அந்த ஊரில் குறைவு. ஆறுமுகம் மூச்சு வாங்காமல் ஏறினான். மாவு மில்காரர் கடையை விட்டு வெளியே வந்து, மூக்கின் மேல் விரலை வைத்தார்.

"எங்க அம்மா மாட்டின இஞ்சின்!" என்று ஜன்னல் வழியே கத்தினாள் சில்வண்டு.

"என் பொண்ணு குளிர வெச்ச இஞ்சின்!" என்று அதைவிடப் பலமாகக் கத்தினாள் அம்மா.

திரும்பி வந்தபோது இரும்புக் கடைக்காரர் வாசலில் நின்றிருந்தார். அப்பா தலையைச் சொறிந்தார்.

"வண்டி கிடையாதுங்க. அந்த விரிசல் விழுந்த இஞ்சின் இருக்கு. வேணும்னா அதை எடுத்துக்கங்க."

"எடுத்துக்கலாம். ஆனா உங்க வண்டியை ஏத்திட்டுப் போக வந்த என் லாரி அடுத்த தெருவுல மக்கர் பண்ணி நிக்குதே."

சில்வண்டு பிக்கப்பின் பின்கதவைத் தட்டினாள். "அதுக்கென்ன, நம்ம வண்டியிலயே கொண்டுபோய் விட்டுடலாம்!"

அப்படித்தான் புதுப் பிறவி எடுத்த வண்டி தன் பழைய இஞ்சினையே முதல் சுமையாகச் சுமந்துகொண்டு கிளம்பியது. மாமாவும் கடைக்காரரும் பின்னால் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்கள். முன்னால் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இடையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள் சில்வண்டு.

"ஊசி எங்கடா இருக்கு?" என்று கேட்டார் அப்பா.

"நடுவுலப்பா. என்னை மாதிரியே!"