மூன்றாம் தொட்டி வாசலில் பதினெட்டு நிமிடம்

ரத்னவேலின் பதினெட்டு நிமிடங்களைக் காணவில்லை. புதன்கிழமை மதியம் 12:03 முதல் 12:21 வரை.

துவாஸ் பக்கத்துக் கப்பல் பட்டறையின் பாதுகாப்புத் திரை அப்படித்தான் சொன்னது. அந்தப் பதினெட்டு நிமிடத்துக்குள் பழுதுபார்க்க வந்திருந்த கப்பலின் மூன்றாம் தொட்டியில் தீப்பிடித்து, கேபிள்கள் கருகிப்போயின. அங்கே காவல் இருக்க வேண்டியவர் ரத்னவேல். வெல்டிங் முடிந்த பிறகும் அரை மணி நேரம் தொட்டி வாசலை விட்டு நகராமல், எங்காவது பொறி கனிகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் ஃபயர் வாட்ச் ஆளின் வேலை.

கையில் கட்டியிருந்த பாதுகாப்புப் பட்டையைக் கழற்றிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார் என்றது பட்டறை. நான் அங்கேயேதான் இருந்தேன் என்றார் ரத்னவேல்.

ஞாயிறு, பிற்பகல் 2:10. லிட்டில் இந்தியாவில் டன்லப் ஸ்திரீட் கடை ஒன்றின் மாடியறை. வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவ சர்ச் நண்பர்கள் சிலர் வாரம் ஒருநாள் திறந்து வைக்கும் இடம் அது. பெரும்பாலும் ஃபாரம் நிரப்பித் தருவதும் மருத்துவச் சீட்டைப் படித்துச் சொல்வதுமாகத்தான் ஜோவன்னாவின் ஞாயிறு கழியும். மற்ற ஆறு நாளும் அவள் கிளமெண்டியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வயர்லெஸ் இன்ஜினியர்.

ரத்னவேல் உட்காரவில்லை. இடது கையில் முழங்கை வரை கட்டுப் போட்டிருந்தது. மடித்து வைத்திருந்த இரண்டு தாள்களை மேசையில் பிரித்து வைத்தார். ஒன்று அவர் கைப்பட எழுதிய தமிழ் வாக்குமூலம், பதினோரு வரி. மற்றது பாதுகாப்பு மேலாளர் மேக்ஸ்வெல் அதை ஆங்கிலத்தில் மாற்றித் தட்டச்சு செய்தது. கையெழுத்துப் போட்டால் சத்தமில்லாமல் ஊருக்குப் போகலாம். போடாவிட்டால் செவ்வாய்க்கிழமை வேலை பெர்மிட் ரத்து, ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

"போட்டா திரும்ப இந்த ஊருக்கு வர முடியாது மேடம். பாதுகாப்பு விதியை மீறினவன்னு பேரு ஒட்டிக்கும்" என்றார். "போடலைன்னாலும் அனுப்புறாங்க. அப்புறம் எதுக்குப் போடணும்?"

"வீட்ல என்ன சொல்றாங்க?"

அவர் முகம் முதல்முறையாக இளகியது. புதுக்கோட்டைப் பக்கம் இருந்த மனைவி சரசு வீடியோவில் அழவில்லையாம். ஒரே வார்த்தைதான் சொன்னாளாம். "கையெழுத்துப் போட்டுட்டு வந்தீங்கன்னா கதவைத் திறக்க மாட்டேன்."

ஜோவன்னா சிரித்துவிட்டாள். பிறகு ஆங்கிலத் தாளைப் படித்தாள். தெளிவாக, குறையொன்றும் சொல்ல முடியாதபடி இருந்தது.

"இதுல என்ன தப்பு அண்ணே? உங்களுக்கு இங்கிலீஷ் படிக்க வருமா?"

"அவ்வளவா வராது. ஆனா நம்பர் எல்லாத்துக்கும் ஒண்ணுதானே? நான் எழுதினதுல 12:03 இருக்கு, 12:21 இருக்கு, 30 நிமிஷம் இருக்கு, 3 இருக்கு, 7 இருக்கு. இதுல தேடிப் பாருங்க. ஏழைக் காணோம்."

அவள் தேடினாள். காணவில்லை. தமிழ்த் தாளை எடுத்து ஒன்பதாவது வரியைப் படித்தாள். 'தொட்டியை விட்டு வெளியே வந்ததும் கைப்பட்டை அதிர்ந்தது. அன்று உதவிக்கு ஆள் வருவதற்குள் 7 முறை அதிர்ந்தது.'

"எப்பவும் எத்தனை தடவை அதிரும்?"

"ஒரு தடவைதான். தொட்டிக்குள்ள சிக்னல் கிடையாது, சுத்தியும் இரும்பு. வெளியே வந்ததும் பட்டை திரும்ப ஆன்டெனாவோட சேரும். சேர்ந்ததுக்கு ஒரு அதிர்வு. அன்னைக்கு விட்டு விட்டு அதிர்ந்துகிட்டே இருந்துச்சு. ஏழாவது, சிவப்புப் பொத்தானை அழுத்தினப்போ."

"சிவப்புப் பொத்தானா?"

"பட்டையிலேயே இருக்கு, ஆபத்துன்னா அழுத்தணும். புகையைப் பார்த்ததும் அழுத்தினேன். அதிர்ந்துச்சு. சரி, ஆளுங்க வந்துடுவாங்கன்னு நினைச்சேன்." அவர் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். "யாரும் வரலை. நானே தீயணைக்கிற சிலிண்டரை எடுத்து அடிச்சேன். கிரேன் சிக்னல் பார்க்கிற ஒலி முகம்மதுதான் புகையைப் பார்த்துட்டு ஓடி வந்தான். அப்ப மணி 12:19."

கட்டுக்கு அடியில் பட்டை இருந்த இடம் மட்டும் வேகாமல் வளையம் போல வெள்ளையாக இருக்கிறது, அதைக் காட்டினால் போதாதா என்று கேட்டார். போதாது என்றாள் ஜோவன்னா. சாப்பிட்டு வந்து மறுபடி மாட்டிக்கொண்டார் என்று சொல்லிவிடுவார்கள்.

அவள் மூன்றே கேள்வி கேட்டாள். சாப்பாட்டுச் சங்கு எத்தனை மணிக்கு? பன்னிரண்டுக்கு. ஆட்களின் போன்கள் எங்கே இருக்கும்? லாக்கரில், வேலை இடத்தில் போன் கூடாது, சங்கு ஊதியதும் நானூறு பேரும் எடுத்து ஆன் செய்து வீட்டுக்குக் கூப்பிடுவார்கள். அந்தப் போன்களுக்கு எந்த நெட்வொர்க்? பட்டறையே தந்த சிம். பட்டைக்கும் அதே ஆன்டெனாதான்.

ஜோவன்னா பேனாவை மூடி வைத்தாள்.

"நாளைக்கு விசாரணைக்கு நானும் வரேன். அதுவரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க."

"போடுறதா இருந்தா இங்க எதுக்கு மேடம் வரேன்?" என்றார் ரத்னவேல்.

திங்கள், காலை 11:20. பட்டறையின் மனிதவளத் தலைவி விசாலாட்சி ஐம்பது வயதைத் தாண்டியவர். யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசுவார், யாரையும் அதிக நேரம் பேச விடமாட்டார். அவருக்கு வலப்புறம் மேக்ஸ்வெல், மடிப்புக் கலையாத சட்டையில். இடப்புறம் நெட்வொர்க்கைப் பராமரிக்கும் காண்ட்ராக்டரின் இன்ஜினியர் திலீப், நகத்தைக் கடித்தபடி.

மேக்ஸ்வெல் திரையில் ரத்னவேலின் வரியைக் காட்டினார். தொட்டி வாசலில் அட்டை தட்டி வெளியேறியது 12:03. அதன் பிறகு 'பட்டை கழற்றப்பட்டது'. மீண்டும் 12:21. "மெஷின் பொய் சொல்லாது லா" என்றார். "ரத்னவேல் நல்ல உழைப்பாளிதான். பசிச்சிருக்கும், போயிட்டாரு. ஒத்துக்கிட்டா முடிஞ்சு போச்சு."

"எனக்குப் பசிச்சுது சார்" என்றார் ரத்னவேல். "ஆனா போகலை."

ஜோவன்னா திலீப்பிடம் திரும்பினாள். "பட்டை அமைதியா இருந்தா திரை என்ன காட்டும்?"

"தொட்டிக்குள்ள இருந்தா உள்ளேன்னு காட்டும். வெளியே வந்து அஞ்சு நிமிஷம் பதில் இல்லைன்னா கழற்றப்பட்டதுன்னு காட்டும், அக்கா."

"நிஜமாவே கழட்டினாங்களான்னு அதுக்குத் தெரியுமா?"

"தெரியாது. பதில் வரலைங்கிறது மட்டும்தான் தெரியும்."

மேக்ஸ்வெல் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அன்று மதியம் பட்டை அணிந்த முந்நூறு பேரும் திரையில் இருந்தார்கள், இவர் ஒருவரைத் தவிர. நெட்வொர்க் கெட்டிருந்தால் எல்லோரும் அல்லவா காணாமல் போயிருக்க வேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ரத்னவேல் கூட ஒரு கணம் ஜோவன்னாவைப் பார்த்தார்.

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். 11:41.

"பதில் சொல்றேன். அதுக்கு முன்னால ஒரு சின்ன உதவி. ரத்னவேலோட பட்டையை நீங்க கட்டிக்க முடியுமா மேடம்?"

விசாலாட்சி புருவத்தை உயர்த்தினார். ஆனால் கையை நீட்டினார்.

11:55. பட்டறை முற்றத்தில் கதவு போட்ட இரும்பு கண்டெய்னர் ஒன்று. விசாலாட்சி உள்ளே போனார், கதவைச் சாத்தினார்கள். திலீப் கையில் டேப்லெட், அதில் அவரைத் தொட்டிக்குள் இருப்பவராகக் குறித்தான். ஐந்து நிமிடத்தில் சங்கு ஊதியது. லாக்கர் அறைகளிலிருந்து ஆட்கள் கொட்டத் தொடங்கினார்கள், எல்லோர் காதிலும் போன். அம்மா சாப்பிட்டியா, பாப்பா ஸ்கூல் போச்சா என்று முற்றம் முழுக்க ஊர்ப் பேச்சு.

12:03. கதவு திறந்தது. திலீப் டேப்லெட்டில் 'வெளியே' என்று மாற்றினான்.

"அதிருது" என்றார் விசாலாட்சி. சற்றுப் பொறுத்து, "மறுபடியும்."

மூன்றாவது முறை அதிர்ந்தபோது அவர் பட்டையைக் காதருகே கொண்டுபோய்ப் பார்த்தார். 12:08க்கு நான்காவது. திலீப் டேப்லெட்டை அவர் பக்கம் திருப்பினான். திரையில் சிவப்பு எழுத்து வந்திருந்தது.

பட்டை கழற்றப்பட்டது.

"நான் கழட்டலையே" என்றார் விசாலாட்சி.

"அதையேதான் மேடம் நானும் அஞ்சு நாளா சொல்றேன்" என்றார் ரத்னவேல்.

12:30. மறுபடி அதே அறை. ஜோவன்னா வெள்ளைப் பலகையில் கவுண்டர் ஜன்னல்கள் போல வரிசையாகக் கட்டங்கள் போட்டாள். ஆன்டெனா ஒரு கருவியைச் சேர்த்துக்கொள்ளும்போது, 'சேர்ந்துட்டே' என்று செய்தி அனுப்பும். கருவி ஒரு குறிப்பிட்ட ஜன்னலில் நின்று 'கிடைச்சது' என்று பதில் சொல்ல வேண்டும். போன்களுக்கு ஓரத்து ஜன்னல்கள். பட்டை சின்னக் கருவி, அதற்கு இந்த வரிசை முழுவதும் எட்டாது. ஆகவே அதற்கென்று ஆறு ஜன்னல் தள்ளி ஓர் இடம்.

"அந்த ஆறை யாரோ பூஜ்யம் ஆக்கிட்டாங்க. இப்ப போனும் பட்டையும் ஒரே ஜன்னல்ல நின்னு கத்துது. சத்தம் பெருசா இருக்கிறவன் பேச்சுதான் கேக்கும். பட்டைக்கு ஆன்டெனா சொன்னது கேட்டுச்சு, அதனாலதான் அதிர்ந்துச்சு. பட்டை சொன்ன பதில் ஆன்டெனாவுக்குக் கேக்கலை. பதில் இல்லைன்னு தூக்கிப் போட்டுடும். பட்டை திரும்ப முதல்ல இருந்து வரும், திரும்ப அதிரும்."

"அப்ப மத்த முந்நூறு பேர்?" என்றார் மேக்ஸ்வெல்.

"ஏற்கெனவே சேர்ந்த பட்டைக்குச் சொந்த ஜன்னல் கிடைச்சிடும். பொது ஜன்னல் புதுசா சேர வர்றவங்களுக்குத்தான். நானூறு போன் ஒரே நேரத்துல சேர வர்ற அந்த நிமிஷத்துல, இரும்புத் தொட்டிக்குள்ள இருந்து வெளியே வந்து புதுசா சேர வேண்டிய ஒரே ஆள் ஃபயர் வாட்ச். மத்தவங்க எல்லாரும் போன்களுக்கு முன்னாலேயே வெளியே வந்து சேர்ந்துட்டு, சாப்பிடப் போயிட்டாங்க. போன் கூட்டம் ஓய்ஞ்சதும்தான் 12:21க்கு இவர் பட்டை சேர்ந்துச்சு. இவர் தன் இடத்துல நின்னதாலதான் மேடம் காணாமப் போனார்."

விசாலாட்சி திலீப்பைப் பார்த்தார். அவன் மறைக்கவில்லை. ஆறைப் பூஜ்யமாக்கியது அவன்தான், போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை. விருந்தினர்கள் பார்க்க கிரேன் உச்சியில் வைத்த கேமராவின் படம் விட்டு விட்டு வந்தது. பட்டையின் ஜன்னல்கள் நடுவில் நின்று கேமராவின் பாதையை இரண்டாக வெட்டுகின்றன, ஓரத்துக்குத் தள்ளு என்று உத்தரவு. போன்களோடு மோதும் என்று எழுதிக் கேட்டான். தள்ளு என்றே பதில் வந்தது. உத்தரவிட்டவர் பெயரையும் சொன்னான். மேக்ஸ்வெல்.

"கேமரா முக்கியமா இருந்துச்சு" என்றார் மேக்ஸ்வெல். "இப்படி ஆகும்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் இன்ஜினியர் இல்லையே. இது ஒரு தப்பு, அவ்வளவுதான்."

"ஆமா, அது தப்புதான்" என்றாள் ஜோவன்னா. "தப்பு யாருக்கும் நடக்கும். அதுக்கப்புறம் நீங்க செஞ்சது வேற. திலீப், புதன்கிழமை ஆன்டெனா பதிவை யாருக்கு அனுப்பினே?"

"மேக்ஸ்வெல் அண்ணனுக்கு. 12:50க்கு."

"படி."

திலீப் தொண்டையைச் செருமிக்கொண்டான். "12:03ல இருந்து 12:16 வரைக்கும் சேர்க்க ஏழு முயற்சி. ஏழுக்கும் பதில் இல்லை. எட்டாவது 12:21, சேர்ந்துச்சு."

ஜோவன்னா இரண்டு தாள்களையும் விசாலாட்சி முன் வைத்தாள். தமிழ்த் தாளின் ஒன்பதாவது வரியில் விரலை வைத்தாள்.

"பட்டையைக் கழட்டி வெச்சுட்டுச் சோறு தின்னப் போனவருக்கு அது ஏழு தடவை அதிர்ந்துச்சுன்னு எப்படித் தெரியும்? இந்தப் பதிவை இவர் பார்த்ததே இல்லை. இதை எழுதிக் கொடுத்தது புதன்கிழமை மூணு மணிக்கு. மேக்ஸ்வெல் சார் அதை இங்கிலீஷ்ல மாத்தினது நாலு மணிக்கு, பதிவு கையில வந்து மூணு மணி நேரம் கழிச்சு. பதினோரு வரியில பத்து வரி ஒரு குறை இல்லாம வந்திருக்கு. இந்த ஒரு வரி மட்டும் வரலை."

"தேவையில்லாத வரின்னு விட்டேன்."

"இல்ல சார். அந்தத் தாள்லயே தேவையான ஒரே வரின்னு உங்களுக்கு மட்டும்தான் தெரிஞ்சிருந்தது."

மேக்ஸ்வெல் மடிப்புக் கலையாத சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். விசாலாட்சி இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மேக்ஸ்வெலிடம் அடையாள அட்டையை மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்து அறையில் காத்திருக்கச் சொன்னார். விஷயம் அரசாங்கத்தின் மனிதவள அமைச்சுக்குப் போகும் என்றார். திலீப்பிடம் அந்த எண்ணை இந்த நிமிடமே பழையபடி ஆறாக்கச் சொன்னார். கேமரா எப்படி வேண்டுமானாலும் வரட்டும்.

கடைசியாக ரத்னவேலிடம் திரும்பினார். குரல் தணிந்திருந்தது. செவ்வாய்க்கிழமை பயணம் இல்லை, கை ஆறியதும் வேலைக்கு வரலாம், நடந்ததை மறந்துவிடலாம் என்றார். சொல்லிக்கொண்டே ஆங்கிலத் தாளைக் கிழிக்க எடுத்தார்.

"கிழிக்காதீங்க மேடம்" என்றார் ரத்னவேல்.

விசாலாட்சியின் கை நின்றது.

"அது ஃபைல்ல இருக்கட்டும். பக்கத்துலயே என்னோடதும் இருக்கட்டும். நாளைக்கு இன்னொருத்தன் தொட்டியை விட்டு வெளியே வருவான். அவன் சொல்றதைக் கேக்கிறதுக்கு முன்னால ரெண்டையும் ஒரு தடவை படிங்க."

விசாலாட்சி தாளை மெதுவாகக் கீழே வைத்தார். பிறகு பேனாவை அவர் பக்கம் நீட்டினார். ரத்னவேல் வாங்கினார். ஐந்து நாளாகப் போட மறுத்த கையெழுத்தை, தன் கைப்பட எழுதிய பதினோரு வரிக்கும் கீழே, ஊர்ப் பெயரோடு சேர்த்து நிதானமாகப் போட்டார்.

வெளியே முற்றத்துக்கு வந்ததும் போனை எடுத்தார். சரசு உடனே எடுத்தாள், காத்துக்கொண்டே இருந்திருப்பாள் போல.

"கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றார்.

ஜோவன்னா அவரை முறைத்தாள்.

"என்னோட தாள்லதான்டி" என்று சிரித்தார் ரத்னவேல். "கதவைத் திறக்க வேண்டாம். நான் இப்போதைக்கு வரலை."