உலகம்மை கட்டிய ஜப்பான் கோட்டை

"இந்தக் கோட்டையைக் கட்டினவங்களுக்குச் சண்டைன்னா என்னன்னே தெரியாது, கேட்டோ!"

பக்கத்து இருக்கைக்காரன் போனில் யாரிடமோ மலையாளம் கலந்த தமிழில் சொல்லிச் சிரித்தான். கழக்கூட்டம் போகும் பேருந்து மழையில் ஊர்ந்துகொண்டிருந்தது. கரமனையில் ஏறிய உலகம்மை, தம்பானூரில் ஏறிய அவனுடைய மடியிலிருந்த லேப்டாப்பை ஓரக்கண்ணால் பார்த்தாள்...

நெஞ்சு திக்கென்றது.

சரிந்து ஏறும் கல் அடித்தளம், அடுக்கடுக்காய்ச் சிறகு விரித்த கூரைகள், சுவரெங்கும் அம்பு எய்யும் துளைகள்... அவள் வரைந்து உருவாக்கிய கோட்டை! பல நாட்டுப் புராணங்களின் தெய்வங்களும் அரக்கர்களும் மோதும் வீடியோ கேமில், ஜப்பான் பக்கத்தின் காவல் அரண். இன்னும் வெளிவராத கேம் வேறு.

"இது உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

அவன் திரும்பினான். இமைகளில் இன்னும் மழைத்துளிகள்... அவற்றின் அடியில் குறும்பு மின்னும் கண்கள்.

"விளையாடிப் பாத்துக் குத்தம் சொல்றதுக்கு என்னை எடுத்திருக்காங்க. கேமை முன்னாடியே அனுப்பிட்டாங்க, இன்னைக்குத்தான் சேரணும். பேரு செல்வகணேஷ். நீங்க?"

"அந்தக் குத்தத்துக்குச் சொந்தக்காரி!"

லேப்டாப் நழுவப் பார்த்தது. "அய்யோ... சாரி கேட்டோ! பட்சே வெளிவாசலும் உள்வாசலும் நேருக்கு நேரா இருக்கே. எதிரி நேரா உள்ள வந்திருவானே? வந்ததும் வளைஞ்சு திரும்பணும். திரும்புற எடத்துல மேலேருந்து அம்பு விழணும். அல்லே?"

அது அவளுக்குத் தெரியாததா? முதலில் வளைத்துத்தான் கட்டியிருந்தாள். 'வீரர்கள் வளைவில் சிக்கிக்கொள்கிறார்கள், நேராக்கிவிடு' என்று டீம் லீட் ஜெயஷீலா மேடம் சொன்னபோது மறுபேச்சில்லாமல் தலையாட்டிவிட்டாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லையே... அந்த வெட்கம் இப்போது கோபமாக வெடித்தது.

"உங்க ஜோலியைப் பாருங்க!"

அலுவலகத்தில் அவன் பேச வந்தபோதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் அவன் நாற்காலி காலியாக இருந்தால் மட்டும் கண்கள் ஏன் கேன்டீன் பக்கம் ஓடின? சே... என்ன மனசு இது!

ஒருநாள் பக்கத்து மேசை ரேஷ்மி காதோடு சொன்னாள். "நாளைக்கு மீட்டிங்ல ஜப்பான் பக்கத்தையே எடுத்துடப் போறாங்களாம். செல்வகணேஷ் ரிப்போர்ட்டுதான் காரணம்."

கோட்டை போனால் வேலையும் போகும். உலகம்மை நேராக அவன் முன்னால் போய் நின்றாள்.

"இப்போ சந்தோஷமா?"

"கோட்டை தோக்குதுன்னு எழுதினேன். பொய்யா எழுத முடியும்?" அவன் குரல் தாழ்ந்தது. "நீங்க ஏன் வாசலை மாத்தாம இருக்கீங்க?"

"வளைச்சுத்தான் கட்டினேன்! பயந்துபோய் நேராக்கிட்டேன்... போதுமா?"

கண்ணீர் முட்டியது. அவன் சிரிக்கவில்லை.

"பழைய வாசல் இருக்கா?"

"இருக்கு. வீரருங்க சிக்கிக்கிறாங்களே..."

"வளைவை அகலமாக்கிப் பாருங்க. மேடத்துக்கிட்ட நீங்கதான் சொல்லணும், கேட்டோ. நான் சொன்னா அது என் கோட்டை ஆயிரும்."

மறுநாள் மீட்டிங்கில் பயமாகத்தான் இருந்தது. இருந்தும் எழுந்தாள். "மேடம்... வாசலை நேராக்கினது தப்பு. மறுபடி வளைச்சிருக்கேன்."

ஜெயஷீலா கண்ணாடியைக் கழற்றினாள். "ஷெரி. காணிக்கூ."

காட்டத்தான் வேண்டும். செல்வகணேஷ் தாக்க, அவள் காக்க வேண்டும். எதிரே உட்கார்ந்தவனிடம் மெல்லச் சொன்னாள்: "விட்டுக்கொடுக்கக் கூடாது."

"மாட்டேன்."

சொன்னபடியே செய்தான், படுபாவி! அவன் ராட்சதர்கள் வெளிவாசலை உடைத்து முற்றத்தில் புகுந்தார்கள். அவளுடைய வீரர்கள் வளைவை நெருங்கினார்கள். சிக்கிக்கொள்வார்களோ... உலகம்மை திரையை நோக்கிக் குனிந்தாள். முதல் வீரன் திரும்பினான். பின்னாலேயே மற்றவர்களும்... மேலிருந்து ராட்சதர்கள் மீது அம்பு மழை கொட்டியது. அடுத்து அவன் பலதலைப் பாம்பை ஏவினான். மேல்கூரை பற்றி எரிந்தது. ஒரு மூலை சரிந்தது. ஆனால் பாம்பு முற்றத்திலேயே விழுந்தது. கோட்டை நின்றது!

"ஜப்பான் இருக்கட்டே," என்றாள் ஜெயஷீலா. "உலகம்மையும்."

ரேஷ்மி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலாக உலகம்மை அவனைத் தேடினாள். நாற்காலி காலி!

"அவருக்கு இந்த டெஸ்டிங் மட்டும்தான்டி. கொச்சியில வேற கம்பெனி... கிளம்பியிருப்பாரு."

குடையை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. கொட்டும் மழையில் கேட்டைத் தாண்டி ஓடினாள். போயிருப்பானோ... போயே விட்டானோ... பேருந்து நிறுத்தத்தில் தோள்பையோடு அவன்!

"சொல்லாமப் போறீங்க?"

"வந்த அன்னைக்கே உங்களை நோகடிச்சவன். ஜெயிச்ச நேரத்துல குறுக்க வரவேண்டாம்னு..."

"மேடத்துக்கிட்டப் பேசறப்போ பயமா இருந்துது. இப்போ அதைவிடப் பயமா இருக்கு."

"எந்தினா? எதுக்குப் பயம்?"

"நீங்க இல்லைன்னு சொல்லிட்டா..." தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டாள். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

பேருந்து வந்து நின்றது. கண்டக்டர் மணியடித்தார். அவன் ஏறவில்லை. பேருந்து சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போனது.

அவள் மெதுவாக நிமிர்ந்தாள். அந்தக் குறும்புக் கண்களில் இப்போது குறும்பே இல்லை... அவளுக்கு இருந்த அதே பயம்.

"லீவு கிடைக்கிறப்போ எல்லாம் கொச்சியிலேருந்து ஓடி வருவேன். கரமனைக்கு வந்து உங்கப்பாகிட்டப் பேசணும். நினைச்சாலே பயமா இருக்கு, பட்சே வருவேன்." தோள்பையை இறக்கிவைத்தான். "எனக்கும் உன்னைப் பிடிச்சிருக்கு, உலகம்மை."

'உங்களை' எப்போது 'உன்னை' ஆனது என்று அவனுக்கே தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது.