துணைக்கு ஆள் இருந்த நான்கு படுக்கைகள்

திங்கட்கிழமை காலை, மருத்துவமனையின் கிருமி ஆய்வுக்கூடத்துக்குள் ஓர் இளைஞர் கதவைத் தட்டாமல் வந்தார். மனைவி இறந்து பத்து நாள் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு அவள் கொண்டுவந்த பை இன்னும் அவர் தோளில் தொங்கியது.

"வயித்துல சின்ன ஆபரேஷன் சார். நல்லாத்தான் இருந்தா. எட்டாம் நாள் காய்ச்சல். மூணு மருந்து மாத்தினாங்க, ஒண்ணும் கேக்கல. அந்த வார்டு நர்ஸ் கை கழுவறதில்ல. புகார் குடுத்திருக்கேன். புதன்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. அவங்கதான் காரணம்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, வேலை போயிடும்."

ஆய்வுக்கூட டாக்டர் நுண்நோக்கியிலிருந்து தலையைத் தூக்கினார். "கழுவாததை நீங்க பாத்தீங்களா?"

"ஒரு தடவை பாத்தேன். அப்புறம் யாரையும் நம்பல. அவ டம்ளர், ஸ்பூன் எல்லாம் நானே கழுவினேன். ஒரு நாளைக்கு அஞ்சு தடவை."

டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார்.

இளைஞர் போனதும் உதவியாளர் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆய்வுக்கூடத்தில் அவருக்கு 'அவசரம்' என்று பட்டப்பெயர். "நர்ஸ்தான் சார். மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

"அவங்க மூஞ்சியை நீ இன்னும் பாக்கவே இல்லையே."

இருவரும் மூன்றாம் மாடிக்கு ஏறினார்கள். வார்டில் பதினாறு படுக்கைகள். ஒரே கிருமி நான்கு பேரைப் பிடித்திருந்தது: இரண்டு, ஐந்து, ஒன்பது, பதினான்கு. இரண்டாம் படுக்கையில் இருந்தவள்தான் இளைஞரின் மனைவி.

"நாலும் எட்ட எட்ட இருக்கு. ஒண்ணும் ஒட்டலையே சார்" என்றார் அவசரம்.

நடையில் இருந்த குழாயில் துணி சுற்றிக் கட்டியிருந்தது. அதன் கீழ்த் தொட்டியில் சிலந்தி வலை. உள்ளே, ஏழாம் படுக்கைக் கிழவருக்கு நர்ஸ் கஞ்சி ஊட்டி வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இவருக்குத் துணை யாரு?"

"யாருமில்ல டாக்டர். இப்படி ஆறு பேர் இருக்காங்க. எல்லாருக்கும் நான்தான்."

மருந்தறைத் தொட்டி பளபளவென்றிருந்தது. இரண்டு டிரிப் பாட்டில்கள் அதில் கவிழ்ந்து, கடைசிச் சொட்டை வடித்துக்கொண்டிருந்தன. தண்ணீர் மெதுவாக இறங்கியது. டாக்டர் பஞ்சுக் குச்சி ஒன்றைத் தொட்டியின் துளைக்குள் விட்டு எடுத்தார்.

புதன்கிழமை பத்து மணிக்கு அதே மருந்தறைக்கு நர்ஸையும் இளைஞரையும் வரச்சொன்னார்.

"இவங்க கைதான் காரணம்னா முதல்ல விழ வேண்டியது அந்த ஆறு பேர். ஊட்டறது, துடைக்கிறது, புரட்டிப் போடறது எல்லாம் இந்தக் கைதான். அவங்கள்ல ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. காய்ச்சல் வந்த நாலு பேருக்கும் துணைக்கு ஆள் இருந்தாங்க." நர்ஸின் பக்கம் திரும்பினார். "நடைக்குழாய் எத்தனை நாளா வரல?"

"ரெண்டு மாசமா டாக்டர். துணைக்கு இருக்கறவங்க டம்ளர் கழுவ மூணு மாடி இறங்கறாங்களேன்னு நான்தான் இங்க விட்டேன். என் கைக்கு ஸ்பிரிட்தான் தடவிக்குவேன்."

"டிரிப் பாட்டில்ல மிஞ்சற ஆன்டிபயாடிக் மருந்து?"

"தொட்டியில ஊத்திடுவேன். குப்பையில போட்டா அதைத் தூக்கற அக்கா மேல வழியும்."

டாக்டர் தொட்டியைத் தொடாமல் காட்டினார். "கீழ போற கழிவுக் குழாயோட வளைவுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கும். அதுல கிருமி இருக்கும். அதுக்கு தினமும் கொஞ்சம் மருந்து போகுது. எல்லாத்தையும் கொல்ல அது பத்தாது. பலமில்லாதது சாகும், தப்பிச்சது பெருகும். தப்பிச்ச வழியைப் பக்கத்துல இருக்கறதுக்கும் குடுத்துடும். கொஞ்ச நாள்ல நம்ம மருந்து அதுக்கு வெறும் தண்ணி. குழாயைத் திறந்தா தெறிச்சு மேல வரும். கழுவற பாத்திரத்து மேலயும், கழுவற கை மேலயும்."

அவசரம் இரண்டு கண்ணாடித் தட்டுகளை மேஜையில் வைத்தார். இரண்டிலும், மருந்து தோய்த்த வில்லைகளுக்குக் கொஞ்சமும் அஞ்சாமல், அவற்றை ஒட்டியே கிருமி படர்ந்திருந்தது.

"எது அவளோடது?" என்றார் இளைஞர்.

"இடது பக்கம். வலது பக்கம் தொட்டியோடது." அவசரம் அன்று மெதுவாகத்தான் பேசினார்.

இளைஞர் வெகுநேரம் இரண்டையும் பார்த்தார். "அஞ்சு தடவை" என்றார்.

"நான் சொல்லித்தானே இங்க வந்தீங்க" என்று நர்ஸ் அழுதாள்.

"நான் கழுவாம இருந்திருந்தா?"

"தெரியாது. தெரிஞ்சா சொல்லுவேன்" என்றார் டாக்டர். "ஒண்ணு தெரியும். உங்க மனைவிக்கு முன்னாடியே ரெண்டு பேரோட டெஸ்ட் முடிவு என் மேஜைக்கு வந்துச்சு. இதே கிருமி. வேற வேற நாள். நான் சேத்து வெச்சுப் பாக்கல."

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. இளைஞர் பேனா கேட்டு வாங்கி, பையிலிருந்த புகார் நகலில் நர்ஸைப் பற்றிய வரியை அடித்தார். கீழே, 'நடைக்குழாயைச் சரி செய்யவும். இந்தத் தொட்டியை மூடவும்' என்று எழுதி டாக்டரிடம் நீட்டினார். "விசாரணையில நீங்களே குடுத்துடுங்க."

கதவைத் திறந்தபோது எதிரே பன்னிரண்டாம் படுக்கைக்காரரின் மகள், கையில் எச்சில் டம்ளரோடு.

"இங்க வேணாம்மா. குடு, நான் கீழ போய்க் கழுவிட்டு வரேன்" என்றார் இளைஞர்.

"மூணு மாடிண்ணா."

"தெரியும்" என்று வாங்கிக்கொண்டு அவர் படியிறங்கினார்.